கங்காணி வழிப் புலம்பெயர்வு: இலங்கை மலையகத் தமிழர் – மலேசியத் தமிழர் சமூகப் பொருளாதார நிலை ஒப்பீடு (முக்கியக் குறிப்புகள்)

அடிப்படை

• ஒப்பிடப்படும் இரு சமூகங்கள்: இலங்கை மலையகத் தமிழர் (தேயிலை), மலேசியத் தமிழர் (ரப்பர்).
• பொதுத் தாயகம்: சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்கள் – திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு.
• திருவண்ணாமலை: அன்று வட, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் பகுதி. தனி மாவட்டம்: 30.09.1989 (தொடக்கப் பெயர் – திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்).
• பொதுக் காரணங்கள்: பஞ்சம், நிலமின்மை, கடன், சாதிய ஒடுக்குமுறை. பெரும்பான்மையோர் நிலமற்ற வேளாண் கூலிகள். ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவு.
• மிகக் கொடிய பஞ்சம்: தாது வருடப் பஞ்சம், 1876–78. வட ஆர்க்காடு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம்.
• பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை ஒழிப்பு நடைமுறை: 1834. தோட்டங்களின் ஆள் பற்றாக்குறைக்குத் தேடிய மாற்று: இந்தியக் கூலி உழைப்பு.
• கடல் கடந்த அதே கரைகளில் வட்டித்தொழில்: நாட்டுக்கோட்டை நகரத்தார். கூலியும் முதலும் ஒரே மாகாணத்திலிருந்து கப்பலேறியவை. பாடநூல்கள் மூலதனத்தை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பது பெருங்குறை.

வரையறைகள்

• கங்காணி முறை: தோட்டத்தின் முன்பணத்துடன் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் திரட்டிச் செல்லும் ஆள்சேர்ப்பு. முன்பணம் அப்படியே தொழிலாளியின் கடன்.
• பெரிய கங்காணி: முழு ஆள்படைக்குத் தலைவர். சில்லறைக் கங்காணி: அவருக்குக் கீழ் சிறு குழுவின் பொறுப்பாளர்.
• தலைக்காசு: வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குக் கிடைத்த தொகை.
• துண்டு: தொழிலாளியின் கடன் தொகை எழுதப்பட்ட சீட்டு. கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கு ஆள் மாறலாம். இலங்கையில் ஒழிப்பு: 1921.
• ஒப்பந்தக் கூலி முறை: குறித்த ஆண்டுகளுக்குக் கையெழுத்து அல்லது கைரேகை, மீறினால் தண்டனை. மலாயாவில் ஒழிப்பு: 1910.
• பெரட்டு: விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு. இரு நாட்டுத் தோட்டங்களிலும் ஒரே சொல்.
• லயம் (இலங்கை), லயன் வீடு (மலேசியா): வரிசைக் குடியிருப்பு.
• கணக்கப்பிள்ளை (இலங்கை), கிராணி (மலாயா): தோட்டக் கணக்கு, மேற்பார்வை அலுவலர்.

வழித்தடங்கள்

• இலங்கை, தொடக்கம்: பாக் நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடை, மாத்தளை. வழியில் காலரா, பசி, சாவு.
• நினைவு நடை: தலைமன்னார் – மாத்தளை, 2023 ('மலையகம் 200').
• பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பல் இணைப்பும்: 1914.
• இலங்கை ஆள்சேர்ப்பு அலுவலகம்: திருச்சிராப்பள்ளி, 1904 முதல்.
• தொற்றுத் தடுப்பு முகாம்: மண்டபம்.
• மலாயா: நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் – பினாங்கு. மக்கள் நினைவில் நிற்கும் கப்பல்: எஸ்.எஸ். ரஜூலா.
• தூர வேறுபாட்டின் விளைவு: இலங்கைக்குக் குடும்பமாகச் செல்லுதல் தேயிலைக் காலத்திலிருந்து மிகுதி, மலாயாவுக்கு முதலில் தனி ஆண்கள், பின்னரே குடும்பங்கள்.
• மலாயா நோக்கிய, உதவி பெற்ற கூலிப் புலம்பெயர்வுக்கு இந்திய அரசின் தடை: 1938.

பயிரும் வேலையும்

• இலங்கை: முதலில் காபி (1820கள்). காபி இலைத்துரு நோய்: 1869. தேயிலை வணிகப் பயிர்: 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர்.
• மலாயா: காபி, கரும்பு, பின்னர் ரப்பர். பிரேசில் ரப்பர் விதைகள் வெளிக்கொணர்வு: 1876, ஹென்றி விக்கம். மலாயாவில் ரப்பர்ப் பரவலுக்கு உழைத்தவர்: எச். என். ரிட்லி.
• கொழுந்து பறித்தல்: பெரும்பாலும் பெண்கள். நாள் அளவு பல தோட்டங்களில் 18 கிலோ. அளவு நிறைந்தால் 'பேர்', குறைந்தால் 'அரைப் பேர்' – அரைநாள் சம்பளம். மழை, வறட்சி, கொழுந்து இல்லாத மலை எதுவும் கணக்கில் இல்லை.
• பால் வெட்டு: விடியலுக்கு முன் தொடக்கம். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைவு. மழை நாளில் வேலையே இல்லை.
• லய அறை: 10 அடிக்கு 12 அடி. முன்னே சிறு திண்ணை, மேலே தகரம், உள்ளே அடுப்பு. அதே அறையில் மூன்று தலைமுறை. பல தோட்டங்களில் இன்றும் அதே கட்டடம்.

குடியுரிமை (மிக முக்கியம்)

• இரு சமூகங்களின் நிலை பிரிந்த இடம் ஊதியம் அன்று, பயிர் அன்று: குடியுரிமைச் சட்டம். ஒப்பீட்டின் மையக் கருத்து இதுவே.

இலங்கை:
• முதல் தொழில் அமைச்சர்: பெரி சுந்தரம், 1931 – மலையகத் தமிழர்.
• முதல் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி: கோ. நடேசய்யர், 1931, ஹட்டன். உடன் செயல்பட்டவர்: மீனாட்சி அம்மாள்.
• இலங்கை இந்திய காங்கிரஸ்: 1939, நேரு வருகையின்போது.
• முல்லோயா கோவிந்தன்: ஜனவரி 1940, தோட்டப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலி.
• 1947 தேர்தல்: இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்கள்.
• இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எண் 18, 1948. விளைவு: ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றோர். விடுதலை பெற்ற ஆண்டிலேயே தன் நாட்டை வளர்த்தவர்களை நாடற்றோராக்கிய சட்டம்.
• இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் எண் 3, 1949: ஆவணச் சான்று கட்டாயம். எழுத்தறிவற்ற தொழிலாளியிடம் இல்லாதது அதுவே.
• வாக்குரிமைப் பறிப்புக்கு எதிரான சத்தியாகிரகம்: 1952.
• சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்: 30.10.1964. மொத்தம் 9,75,000 பேர். இந்தியா 5,25,000, இலங்கை 3,00,000, முடிவாகாதோர் 1,50,000.
• சிறிமாவோ – இந்திரா ஒப்பந்தம்: 1974. எஞ்சிய 1,50,000: தலா 75,000.
• இரு ஒப்பந்தங்களிலும் கலந்தாலோசிக்கப்படாத தரப்பு: தொழிலாளர்கள்.
• மீண்டும் மக்கள் வாக்கில் நாடாளுமன்ற வெற்றி: 1977, சௌ. தொண்டமான், நுவரெலியா – மஸ்கெலியா. அமைச்சர்: 1978 முதல். மறைவு: 30.10.1999.
• நாடற்றோர் குடியுரிமைச் சட்டங்கள்: எண் 39, 1988, எண் 35, 2003 (இறுதித் தீர்வு).

மலேசியா:
• மலாயா இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.): ஆகஸ்ட் 1946. முதல் தலைவர்: ஜான் திவி.
• வி. தி. சம்பந்தன்: ம.இ.கா. தலைவர் 1955–1973.
• விடுதலை: 31.08.1957. மண்ணில் பிறந்தோர்க்குக் குடியுரிமை என்ற கோட்பாடு அரசமைப்பில் ஏற்பு.
• அனைவர்க்கும் எளிதில் கிட்டியது என்ற விடை தவறு. வேலை அனுமதிச் சீட்டுச் சட்டத்தால் 1969-ஐ ஒட்டி இந்தியா திரும்பியோர்: சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர், குடும்பத்தினர். அடையாளப் பத்திரமின்றி எஞ்சியோர் இன்றும் உண்டு.

போரும் போராட்டமும் (மலாயா)

• கிள்ளான் வேலைநிறுத்தம்: 1941. தலைமை: ஆர். எச். நாதன். கோரிக்கை: சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம்.
• சயாம் – பர்மா மரண ரயில்பாதை: 1942–43, 415 கி.மீ. தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு இறந்த தமிழர்: பல்லாயிரம். போர்க் கைதிகளுக்குக் கல்லறை உண்டு, பெயர் உண்டு. தமிழருக்கு முழுப் பெயர்ப் பட்டியலே இல்லை. வினாக்களில் விடுபடும் பகுதி, விடுபடக் கூடாத பகுதி.
• எஸ். ஏ. கணபதி: தொழிற்சங்கத் தலைவர், தூக்கு – மே 1949.
• தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்: 1954. பொதுச் செயலாளர்: பி. பி. நாராயணன்.
• இண்ட்ராப் (இந்து உரிமைச் செயலணி) பேரணி: 25.11.2007, கோலாலம்பூர்.

சொத்து, வருமானம், வறுமை

• தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்: 1960, சம்பந்தன். நோக்கம்: துண்டாடி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர் பங்குப் பணத்தில் வாங்குதல். கூலி தோட்ட உடைமையாளரான முதல் பெருமுயற்சி. இலங்கையில் இதற்கு இணை இல்லை.
• இலங்கையில் நிகழ்ந்தது: நிலச் சீர்திருத்தம் 1972, 1975 – தோட்டங்கள் அரசுடைமை. 1992 – மேலாண்மை மீண்டும் தனியார் நிறுவனங்களிடம். இரு மாற்றங்களிலும் தொழிலாளிக்கு நிலம் இல்லை.
• புதிய பொருளாதாரக் கொள்கை (மலேசியா): 1971. பூமிபுத்திரர் பங்கு இலக்கு: 30%. இந்தியர் நிறுவனப் பங்குடைமை: 1970-ல் 1.1%, 2008-ல் 1.6%.
• மலேசியக் குடும்ப மாத வருமானம், இடைநிலை அளவு, 2019: சீனர் 7,391 ரிங்கிட், இந்தியர் 5,981, பூமிபுத்திரர் 5,420.
• கவனம்: 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் மருத்துவர், வழக்கறிஞர், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் அனைவரும். யாழ்ப்பாண வம்சாவளியினரான மறைந்த ஆனந்த கிருஷ்ணன் (மேக்சிஸ், ஆஸ்ட்ரோ) நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவராக இருந்தவர்; பால்வெட்டுத் தொழிலாளியின் பேரனும் அதே கணக்கில். ஒரே இடைநிலை எண் கொண்டு கீழ்த்தட்டை அளத்தல் பிழை.
• இலங்கை வறுமை வீதம், 2019: நாடு 14.3%, நகரம் 6.0%, கிராமம் 15.0%, தோட்டத்துறை 33.8%.
• தோட்டத்துறை, மலையகத் தமிழர் இரண்டும் ஒன்றல்ல: கொழும்பிலும் நகரங்களிலும் வாழ்வோர் முந்தைய கணக்கில் சேரார்.
• இலங்கைத் தோட்ட நாட்சம்பளம்: ரூ. 1,000 (2021). ரூ. 1,350 (2024). இலங்கை ரூபாய்.
• மலேசியக் குறைந்தபட்ச ஊதியம்: முதல் நடைமுறை 2013. மாதம் 1,700 ரிங்கிட் (2025).
• இந்திய வீட்டுத் திட்டம், மலையகம்: முதலில் 4,000 வீடுகள், கூடுதல் 10,000 – அறிவிப்பு மே 2017, நோர்வூட். வீட்டு நிலம்: 7 பேர்ச்சஸ்.
• 1980கள் முதல் மலேசியாவில் ரப்பர் போய் எண்ணெய்ப்பனை, வீட்டுமனை. வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கும் ஒரே நாளில் இழப்பு. நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகள்.

கல்வி

• மலேசியாவில் தமிழ்க் கல்வித் தொடக்கம்: 1816, பினாங்கு. இன்று தமிழ்ப்பள்ளிகள் 500-க்கு மேல்.
• ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம்: கெடா மாநிலம். ம.இ.கா. கல்வி நிதியத்தின் முயற்சி.
• இலங்கை இலவசக் கல்வி (கல்வி அமைச்சர் கன்னங்கரா): 1945. தோட்டப் பள்ளிகள் பயன் பெறாமை. அரசு ஏற்பு: 1970களின் பிற்பகுதி முதல். ஒரு தலைமுறைக்கு மேல் பின்னடைவு. இன்றைய தொழில் வேறுபாட்டின் நேரடி வேர் இதுவே.

மக்கள்தொகை

• இலங்கையில் இந்தியத் தமிழர்: 1946-ல் 11.7%, 2012-ல் 8,39,504 பேர், 4.1%, 2024-ல் 2.8%. குறைவுக்கு ஒரு காரணம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பல். மற்றொன்று 'இலங்கைத் தமிழர்' எனப் பதிவு.
• மக்களில் பாதிக்கு மேல் மலையகத் தமிழராக உள்ள ஒரே மாவட்டம்: நுவரெலியா (2012).
• மலேசியாவில் இந்தியர்: 1957-ல் சுமார் 11% (தீபகற்பம் மட்டும்), 2020-ல் 6.7% (முழு நாடு, குடிமக்கள்). அடிப்படை வேறு; நேர் ஒப்பீடு கூடாது.

குழப்பம் தரும் இணைகள்

• 1964 – சாஸ்திரி. 1974 – இந்திரா.
• இலங்கை இந்திய காங்கிரஸ் – பழைய பெயர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் – பின்னாளைய பெயர்.
• தாயகம் திரும்பியோர் – ஒப்பந்தப்படி வந்தோர், இந்தியக் குடியுரிமை உண்டு. ஏதிலியர் – போரால் வந்தோர், குடியுரிமை இல்லை. முகாம்வாழ் ஏதிலியருள் மலையக வம்சாவளியினர் கணிசம்: பாட்டனார் ஊர் தமிழ்நாடு, பேரன் சட்டப்படி அயலான்.
• குடியுரிமைத் திருத்தச் சட்டம், 2019: இலங்கை இடம்பெறவில்லை.

திரும்பியோரும் தமிழ்நாடும்

• ஒப்பந்தப்படி இந்தியா வந்தோர்: நாலரை லட்சத்துக்கு மேல்.
• திரும்பியோர் மறுவாழ்வுக்காக ரெப்கோ வங்கி: 1969, சென்னை. டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்): நீலகிரி, திட்டம் 1968, நிறுவனமாகச் செயல்பாடு 1976 முதல்.
• பெயர் மாற்றம்: 'அகதிகள் முகாம்' → 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்', ஆகஸ்ட் 2021. 7,469 வீடுகள் புதுப்பித்துக் கட்டும் அறிவிப்பும் அப்போதே. திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு.
• மண்டபம் முகாம்: போகும்போது தொற்றுத் தடுப்பு, 1964-க்குப் பின் திரும்பியோர் இறங்கும் இடம், 1983-க்குப் பின் ஏதிலியர் முகாம். மார்ச் 2022, இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக் கரையிறங்கியோர் தங்கவைக்கப்பட்டதும் இங்கேயே.