மலைமேல் அயல்நாட்டு ஆசிரியர்கள்

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை வழியே கொடைக்கானலுக்குச் செல்வோர் பெருமாள்மலை என்னும் சிற்றூரைக் கடந்தே செல்லுதல் வேண்டும். பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் அவ்வூரில்தான் வந்து கூடுகிறது. அங்கிருந்து மேலும் ஏறினால் சாலையோரத்தில் வெள்ளியருவி வீழ்ந்துகொண்டிருக்கும். அதனைக் கடந்தால் செண்பகனூர். அதற்கும் மேலே கொடைக்கானல். இந்தச் சில கல் தொலைவுக்குள் பிறநாட்டில் பிறந்த ஆசிரியர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். மலைவளம் காண வந்த செல்வரைப் பற்றியும், கோடை வெயிலுக்கு அஞ்சி ஏறிய அதிகாரிகளைப் பற்றியும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆண்டு முழுவதும் மழையிலும் மூடுபனியிலும் இருந்து பாடம் சொன்ன இவர்களைப் பற்றிக் கேட்டது குறைவு.

அவர்கள் இம்மலைக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரும் பயணம். கப்பலில் பல வாரங்கள் கழித்து இந்தியக் கரையை அடைந்து, புகைவண்டியில் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவர். கொடைக்கானல் ரோடு என இப்போது வழங்குவது அந்நிலையமே. பெயரில் கொடைக்கானல் இருந்ததேயன்றி ஊர் நெடுந்தொலைவில் இருந்தது. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளத்துப் பக்கம் சென்று, கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்கி, செங்குத்தான மலைப்பாதையில் ஏற வேண்டும். வல்லவர் நடந்தனர், சிலர் குதிரையேறினர், முதியோரையும் பெண்டிரையும் நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தனர். புத்தகப் பெட்டி, கரும்பலகை, கண்ணாடிச் சாடி, சமையற்கலம் யாவும் மனிதர் தலைமீதே ஏறின. வத்தலக்குண்டுச் சாலையில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1916-ஆம் ஆண்டளவில்தான். அதுவரையில் இம்மலையில் ஓர் ஆசிரியர் படித்த ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவர் சுமந்து வந்த நூலே.

செண்பகனூரில் 1895-ஆம் ஆண்டில் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். துறவு வாழ்வுக்கு வந்த இளைஞர்க்குத் தத்துவம் முதலியன கற்பிக்கும் இடம் அது. அக்காலத்தில் அங்கே இருந்த ஆசிரியரிற் பெரும்பாலோர் பிரெஞ்சு நாட்டினர். அவர்தம் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் மணி ஒலிக்கும். மார்கழி, தை மாதங்களாயின் வெளியே புல்நுனியில் உறைபனி வெள்ளைப் பொடிபோலப் படிந்திருக்கும். இறைவேண்டல் முடிந்தபின் வகுப்பு. பாடம் நடப்பது இலத்தீன் மொழியில். உணவறையில் தம் நாட்டாரோடு பேசுவது பிரெஞ்சு மொழியில். அரசு அலுவலர்க்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில். வாயிலுக்கு வெளியே காலடி வைத்தால் விறகு வெட்டுவோனிடமும் பால்காரனிடமும் பேச வேண்டியது தமிழில். ஒரு பகற்பொழுதில் நான்கு மொழிகள்! இவற்றுள் முதல் மூன்றும் அவர்கள் பள்ளியில் கற்றவை. நான்காவதனை வந்த இடத்தில் கேட்டும் பிழைபடப் பேசியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வகுப்பில் ஆசிரியராய் இருந்தவர் வாயிற்படியைத் தாண்டியதும் மாணவராய் மாறினார்.

ஊரிலிருந்து வரும் கடிதம் பழையதாகவே வரும். தாய் நோயுற்றாள் என்னும் செய்தி கையிற் கிடைக்கும்போது அவள் நலம் பெற்றிருக்கலாம்; அன்றி இறந்தும் போயிருக்கலாம். அவர்களிற் பலர் பிறந்த நாட்டை மீண்டும் காணாமலே இம்மண்ணில் உறங்கினர். இத்தகைய தனிமையை எது கொண்டு நிரப்புவது? செண்பகனூர் ஆசிரியர் சிலர் அதற்குத் தம்மைச் சுற்றியிருந்த சோலைகளிலே வழி கண்டனர்.

இயேசு சபைக் கல்விக்கூடங்களில் வாரத்தின் நடுவே ஒருநாள் விடுமுறை விடும் வழக்கம் இருந்தது. அந்நாளில் ஆசிரியரும் மாணவரும் உணவுப் பொட்டலத்துடன் நெடுந்தூரம் நடந்து செல்வர். இம்மலையில் நடப்பது பூங்காவில் உலாவுவது போன்றதன்று. சோலைக்குள் அட்டை காலைப் பற்றும்; திடீரெனப் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தொலைவிலுள்ள மரமும் மறைந்துவிடும்; காட்டுமாடு எதிர்ப்பட்டால் ஓசைபடாமல் ஒதுங்க வேண்டும். இவ்வாறு நடந்தவர்களுள் ஒருவர் ஃபோரோ அடிகளார். அவர் நாடியது கண்ணைக் கவரும் மலரையன்று. மரப்பட்டையிலும் ஈரப்பாறையிலும் பச்சைக் கம்பளம்போலப் படர்ந்திருக்கும் ‘மாஸ்’ என்னும் பாசிவகையையே அவர் நாடினார். வழிப்போக்கர்க்கு அவை யாவும் ஒன்றாகவே தோன்றும். இலையின் நுண்ணறைகளையும், வித்துத்தூள் நிறைந்த சிறு சிமிழின் வாயிலுள்ள பற்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி அவற்றை வேறு பிரித்தறிய இயலாது.

பாசி திரட்டுதற்குப் பெரிய கருவிகள் வேண்டா என்பது ஒரு நல்வாய்ப்பு. கத்தியொன்றும் தாளுமே போதும். சிறிது சுரண்டி எடுத்துத் தாளில் மடித்து, மேலே இடத்தின் பெயர், உயரம், நாள் ஆகியவற்றைக் குறித்துவிட்டால் அது தானே உலர்ந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து ஒரு துளி நீர் விட்டால் சுருண்டு கிடந்த இலை மீண்டும் விரிந்து பழைய உருவைக் காட்டும். அடிகளார் தம் பொட்டலங்களை இங்கிலாந்தில் இருந்த டிக்சன், பிரான்சில் இருந்த பொத்தியே தெ லா வார்து ஆகிய பாசியியல் அறிஞர்களின் ஆய்வுக்கு உதவினார். அவ்விருவரும் ஒரு பாசி இனத்திற்கு ‘ஃபோரோயெல்லா’ என்று பெயரிட்டு அவரைச் சிறப்பித்தனர். பழனிமலைப் பாசிகளைப் பற்றி அவர் எழுதிய தொகுப்பு 1961-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. வார விடுமுறையில் நடந்த நடை எவ்வளவு தொலைவு சென்றது பாருங்கள்!

ஆங்கிலாட் அடிகளாரின் நாட்டம் வேறுவகையானது. இம்மலைகளில் பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி அமைத்த பழங்காலக் கல்திட்டைகள் பல உள்ளன. தாண்டிக்குடிப் பக்கத்தில் அவற்றை இன்றும் காணலாம். அவரும் நியூட்டன் அடிகளாரும் அக்கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நூலின் முகப்பில் இருவர் பெயரே உண்டு. ஆயினும் காட்டுப்பாதை தெரிந்த மலைவாணர் துணையின்றிப் புதர் மூடிய கற்களை அயல்நாட்டார் எவ்வாறு கண்டறிந்திருத்தல் கூடும்? புலையரும் பளியரும் மன்னாடியாரும் இம்மலையின் ஒவ்வொரு மடிப்பையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அவர்கள் முகப்பில் இல்லாமை ஒரு குறையே.

கொடைக்கானலில் வேறுவகைப் பள்ளியொன்று 1901-ஆம் ஆண்டில் தோன்றியது. சமவெளி ஊர்களில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்களின் பிள்ளைகளுக்காக மார்கரெட் எடி என்னும் அம்மையார் 13 பிள்ளைகளைக் கொண்டு அதனைத் தொடங்கினார். ஹைகிளர்க் பள்ளி எனப் பெயர் பெற்று விளங்கிய அதுவே பின்னர்க் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாயிற்று. செண்பகனூர் ஆசிரியர்க்குத் தம் தனிமையே துன்பம். இங்கிருந்த ஆசிரியர்க்கோ பிள்ளைகளின் தனிமையே முதற்பாடம். தந்தையும் தாயும் மலையடிவாரத்திற்கு அப்பால் இருக்க, ஆறு வயதுச் சிறுவனுக்குக் காலுறை மாட்டுவது முதல் காய்ச்சலின்போது இரவெல்லாம் விழித்திருப்பது வரை ஆசிரியரின் கடமையாயிற்று. வெயிற்காலத்தில் பெற்றோர் மலைக்கு வருவர். அப்போது பிள்ளைகள் சில வாரங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்வர். நெடுவிடுமுறையோ மழையும் குளிரும் மிகுந்த ஆண்டிறுதியில் வரும். நம் பள்ளிகள் மூடும் காலத்தில் திறந்தும், திறந்திருக்கும் காலத்தில் மூடியும் இயங்கிய பள்ளி அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில் ஆசிரியர் வீட்டுக்குக் காய்கறி வாங்கியதும், விலை கேட்டு விரல்விட்டு எண்ணியதும் அவர்கள் பெற்ற தமிழ்ப்பாடங்களே.

ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் கற்பித்தவர் வாழ்வு எங்கும் ஏறக்குறைய இத்தகையதே. சீனாவில் நான்கிங் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த பெர்ல் பக் அம்மையார் 1938-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். அங்கிருந்த அயல்நாட்டாரும் கோடையில் லூ மலையிலுள்ள கூலிங் என்னும் குளிர்ந்த ஊருக்கு ஏறினர். அங்கும் கூலியாட்களே நாற்காலி சுமந்தனர். ஆனால் அந்நாட்டில் அயலார் மீதிருந்த சினம் அவ்வப்போது தீயாய் மூண்டது. 1927-ஆம் ஆண்டில் நான்கிங்கில் கலகம் எழுந்து அயல்நாட்டார் தாக்கப்பட்டபோது, ஏழைச் சீனப் பெண்ணொருத்தி தன் குடிசையில் பக் அம்மையாரின் குடும்பத்தை ஒளித்துவைத்துக் காத்தாள். மதில் சூழ்ந்த மாளிகை காவாதபோது, பழகிய அண்டை வீடு காத்தது.

சீனாவுக்கும் நம் மதுரைக்கும் இடையே ஓர் ஆசிரியத் தொடர்பும் உண்டு. அமெரிக்காவிலுள்ள ஓபர்லின் கல்லூரியார் 1908-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்து, ஷான்சி மாநிலத்துத் தாய்கு நகரப் பள்ளிக்குத் தம் இளம் பட்டதாரிகளை ஆசிரியராக அனுப்பி வந்தனர். சீனாவில் ஆட்சி மாறியபின் அவ்வழி அடைபட்டது. அதன்பின் 1950-களில் அவ்விளைஞர் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு வரலாயினர். சீனத்தில் ஒலித்திருக்க வேண்டிய குரல் வைகைக்கரையில் ஒலித்தது வரலாற்றின் விந்தையே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராய் இருந்த ஆங்கிலேயர் சிலரும் விடுமுறைக்கு இம்மலையை நாடினர். ஆல்பிரடு போர்ன் என்பாரும் அவர் மனைவியாரும் 1897 முதல் சில ஆண்டுகள் இங்கே செடிகளைத் திரட்டினர். பைசன் என்னும் பேராசிரியர் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிச் செடிகளைப் பற்றிய நூலை 1915 முதல் 1920 வரை 3 தொகுதிகளாக வெளியிட்டார். போர்ன் அம்மையாரும் பிறரும் அதற்குப் படம் வரைந்தனர். விடுமுறைக்கு வருவோர்க்கு ஓர் இடர் உண்டு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். கொடைக்கானற் பக்கத்தில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது. இரண்டாண்டு தங்கிச் செல்லும் ஆசிரியர் அதன் வெறும் தழையை மட்டும் கண்டு திரும்பவும் கூடும். யாழ்ப்பாணத்தில் பெண்கல்விக்கென இராமநாதன் கல்லூரியைத் தோற்றுவித்த சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் இலீலாவதி அம்மையார், மேலைநாட்டில் பிறந்து சைவம் தழுவியவர். கொடைக்கானலில் 1936-ஆம் ஆண்டு எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயில் அவர் எடுப்பித்ததே.

அவ்வாசிரியர்கள் நடந்த மலை இன்று அதே மலையன்று. அவர்கள் காலத்தில் மலையுச்சிகள் பரந்த புல்வெளிகளாய் இருந்தன; நீரோடும் மடிப்புகளில் மட்டும் சோலை செறிந்திருந்தது. பயனற்ற வெற்றுநிலம் எனக் கருதி, அப்புல்வெளிகளில் வெளிநாட்டு வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களைப் பரப்பினர். முதன்முதலில் அயல் மரங்களைக் கொண்டுவந்து நட்டவரும் இங்குக் குடியேறிய மேலைநாட்டினரே என்பதை மறைத்தற்கில்லை. 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது எனக் காட்டுகிறது. புல்வெளி மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவது. ஆதலின் இவ்விழப்பு மலைமேல் உள்ளார்க்கு மட்டும் உரியதன்று. வைகையையும் பழனிப்பக்கத்து ஓடைகளையும் நம்பிப் பயிரிடுவோர்க்கும் உரியது.

கேரளத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய கே. எம். மாத்யூ அடிகளார், கொடைக்கானலில் புகுந்த அயல்நாட்டுச் செடிகளைப் பற்றி 1969-இல் ஒரு நூலும், பழனிமலைச் செடிகொடிகள் அனைத்தையும் பற்றி 1999-இல் 3 தொகுதிகளும் வெளியிட்டார். அவருக்கு முன்னோர் விட்டுச்சென்ற உலர்செடித் தாள்கள் இப்பணியில் பெருந்துணையாயின. இன்று வாட்டில் மரத்தை அகற்றிப் புல்லை மீட்க முயல்வோர்க்கு ஒரு கேள்வி எழும்: இவ்விடத்தில் முன்பு நின்ற புல் எது? மலையிடம் கேட்டால் விடை கிடைப்பதில்லை; மரநிழலில் அது மடிந்துபோயிற்று. பைசனின் பக்கங்களையும், பழைய தாள்களின் ஓரத்தில் மையால் எழுதிய இடப்பெயரையும் உயரத்தையும் நாளையுமே அவர்கள் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.