தேன் சில மாதங்களில், செலவு ஆண்டு முழுவதும்

சிறு முதலீட்டில் தொடங்கத்தக்க தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. சொந்த நிலம் தேவையில்லை. பத்துப் பெட்டிகளுடன் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கலாம். ஆயினும், பெட்டியின் விலையையும் தேனின் விலையையும் மட்டும் பார்த்து இறங்கினால் போதாது. மாதங்களையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

பூக்கும் காலம்

நம் நாட்டு வணிக வளர்ப்பில் இத்தாலியத் தேனீக்கே முதலிடம். 1962-இல் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் இவ்வினம் வெற்றிகரமாக வேரூன்றியது. குளிர்காலத்தில் இராஜஸ்தானின் பரத்பூர்ப் பகுதியில் கடுகு பூக்கையில் பெட்டிகள் வயலோரம் வைக்கப்படுகின்றன. மார்ச் மாதத்தில் பீகாரின் முசாபர்பூர் லிச்சித் தோப்புகளை நாடி லாரிகளில் பெட்டிகள் வருகின்றன. லிச்சிப் பூ சில வாரங்களே நீடிக்கும். பின்னர் மழைக்காலத்தில் பூக்கள் அருகிவிடும். அப்போது சர்க்கரைப் பாகு அளித்துத் தேனீக்களைக் காக்க வேண்டும். அதற்குப் பணமின்றிக் கைவிட்டால் குடும்பங்கள் நலிந்து அழியும். அடுத்த பருவத்தில் பெட்டி இருக்கும், தேனீ இராது.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டாக, 25 பெட்டிகளில் பெட்டிக்கு 20 கிலோ வீதம் 500 கிலோ தேன் கிடைப்பதாகவும், மொத்த வணிகரிடம் கிலோ 120 ரூபாய்க்கு விற்பதாகவும் கொள்வோம். வரவு 60,000 ரூபாய். சர்க்கரை, லாரி வாடகை, மெழுகுத் தாள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு 24,000 ரூபாய் செலவானால் எஞ்சுவது 36,000 ரூபாய். மாதத்திற்கு 3,000 ரூபாய் மட்டுமே. அறுவடையின்போது கையில் நிற்கும் 60,000 ரூபாயை வருமானமாகக் கருதிச் செலவிட்டால் மழைக்காலத்தில் கடன் வாங்க நேரும். ஆகவே, பூவற்ற மாதங்களுக்கான தொகையை விற்பனை நாளன்றே தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவது நன்று.

கடனும் தவணையும்

ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறைக் கடன் நெறிமுறைகளில் தேனீ வளர்ப்பு, வேளாண் சார்ந்த தொழிலாக இடம்பெற்றுள்ளது. விண்ணப்பிக்கும்போதே பூக்கும் காலங்களையும் பெட்டிகள் செல்லும் இடங்களையும் எழுதிக் காட்டி, தவணைகளை அறுவடையை ஒட்டி அமைக்க இயலுமா எனக் கிளையில் கேட்டறிதல் வேண்டும். மத்திய அரசு 2020-21 முதல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தைச் செயல்படுத்தி வருகிறது. அதன் மதுகிராந்தி இணையதளத்தில் பதிவு செய்துகொள்வதும் பயன் தரும்.

தரமே கூடுதல் விலை

தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஈரம் மிகுந்த தேன் புளித்துவிடும். அடையின் அறைகளில் பெரும்பகுதியைத் தேனீக்கள் மெழுகால் மூடும்வரை பொறுத்திருந்து எடுப்பதே முறை. பூக்கள் மலிந்து தேன் சேரும் நாள்களில் சர்க்கரைப் பாகு வைத்தல் கூடாது. அது தேனுடன் கலந்து அதன் தூய்மையைக் கெடுக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, தேனில் ஒரு பகுதியையாவது முறையான சிட்டையுடன் புட்டிகளில் அடைத்து நேரடியாக விற்றால் மொத்த விலையை விட மிகுதியாகப் பெறலாம். இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கைக்காகப் பெட்டிகளை வாடகைக்கு விடுவதும் தனி வருவாய்.

பெட்டிகளின் எண்ணிக்கையை உயர்த்துமுன், இருக்கும் பெட்டிகளை ஒரு மழைக்காலம் முழுவதும் காத்து மீட்க முடிந்ததா என்று பார்ப்போம். முடிந்திருந்தால் மட்டுமே அடுத்த பெட்டிக்குக் கடன் பெறுவது அறிவுடைமையாகும்.