தோய்த்தபின் வலுக்கும் உலோகம்

அன்புள்ள தம்பிக்கு,

பாலிடெக்னிக்கில் உலோகவியல் பாடம் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் உடனே கடினமாகும் என்று பட்டறையில் பார்த்திருப்பாய். அலுமினியக் கலவை அப்படியல்ல. தோய்த்த கையோடு வளைத்தால் வளைந்துகொடுக்கும். வலிமை பிறகுதான் ஏறும்.

1906இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் இதைத்தான் கண்டார். செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தோய்த்து, சில நாள் கழித்து அளந்தார். சும்மா கிடந்த உலோகத்தின் கடினம் கூடியிருந்தது. டியூராலுமின் என்ற கலவை பிறந்தது அப்படித்தான்.

காரணம் இதுதான். சுமார் 548 டிகிரி செல்சியஸில் 5.6 சதவீதம் செம்பு அலுமினியத்தில் கரையும். அறை வெப்பத்திலோ அரை சதவீதம்கூட நிலைத்துக் கரைந்திருக்காது. மெல்ல ஆறவிட்டால் செம்பு பெரிய துகள்களாகப் பிரிந்துவிடும். சட்டென்று தோய்த்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிறகு அந்த அணுக்கள் நகர்ந்து நகர்ந்து நுண்ணிய திரள்களாகச் சேரும். உலோகம் வளைவது அணு அடுக்குகள் வழுக்குவதால். அந்த வழுக்கலை இத்திரள்கள் மறிக்கின்றன. 1938இல் பிரான்சில் கினியேவும் பிரிட்டனில் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர் கொண்டு இவற்றைக் கண்டறிந்தார்கள்.

நீ அடிக்கடி கையாளப்போகும் 6061 கலவையில் இந்த வேலையைச் செய்பவை மக்னீசியமும் சிலிக்கானும். சுமார் 530 டிகிரியில் வைத்து, தண்ணீரில் தோய்த்து, மறுபடி 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். இதுதான் ஏஜிங். மென்மையாக்கிய நிலையில் சுமார் 55 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அதே கம்பி, இப்போது சுமார் 275 வரை தாங்கும். கலவையில் ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. வலிமை ஐந்து மடங்கு.

ஆனால் அளவு மீறக்கூடாது. நேரமோ சூடோ கூடினால் சிறு திரள்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும், இடைவெளி அகலும், வலிமை இறங்கும். வெல்டிங் செய்த இடத்தை ஒட்டிய பகுதி பலவீனப்படுவதும் இதனால்தான். விமானத் தொழிற்சாலைகளில் சிலவகை ரிவெட்டுகளைத் தோய்த்ததும் குளிர்பெட்டியில் வைப்பார்கள். குளிரில் திரள்கள் மெதுவாகவே சேரும் என்பதால், அடிக்கும்வரை அவை மென்மையாக இருக்கும்.

ஆகவே கம்பியை எடுத்ததும் கலவை எண்ணோடு நின்றுவிடாதே. பின்னால் ஓ (மென்மையாக்கியது), டி4 (தோய்த்து அறை வெப்பத்தில் விட்டது), டி6 (தோய்த்துச் சூட்டில் ஏஜிங் செய்தது) என்று என்ன இருக்கிறது என்று பார். அதில்தான் அது பட்ட சூட்டின் வரலாறு இருக்கிறது. வெல்டிங் செய்யப்போகும் பாகமென்றால், டி6இன் வலிமையை நம்பிக் கணக்குப் போடாதே.

அன்புடன்,
மாமா