ரிப்பேரா, புதுசா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



"போர்டு போயிடுச்சு சார், மாத்த 6,500 ரூபாய் ஆகும். கூட கொஞ்சம் போட்டா புது மெஷினே வாங்கிடலாம்." வாஷிங் மெஷின் வெச்சிருக்கிற பல வீடுகள்ல கேட்ட வசனம் இது. அன்னைக்கு சாயங்காலமே இஎம்ஐ-ல புதுசு வந்துடும். ரெண்டுல எது லாபம்னு கணக்குப் போட்டுப் பார்க்குறவங்க கம்மி. இன்னைக்கு அதைப் போட்டுப் பார்ப்போம்.

1. பழைய விலையை மறந்துடுங்க

"18,000-க்கு வாங்கின மெஷினுக்கு 6,500 செலவா?" என்பது தப்பான கேள்வி. அந்த 18,000 ரிப்பேர் பண்ணாலும் திரும்பாது, தூக்கிப் போட்டாலும் திரும்பாது. அக்கவுன்ட்ஸ்ல இதுக்குப் பேரு 'சங்க் காஸ்ட்'. இனிமே கையை விட்டுப் போகப்போற பணத்தை மட்டும் பாருங்க.

2. ஒரு வருஷத்துக்கு எவ்வளவு?

புது மெஷின் 22,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். பழசை எடுத்துக்கிட்டு கடைக்காரர் 2,000 கழிச்சா, நீங்க கொடுக்கிறது 20,000. 10 வருஷம் உழைச்சா, வருஷத்துக்கு 2,000 ரூபாய்.

இப்போ ரிப்பேர் செலவை இதால வகுங்க: 6,500 ÷ 2,000 = 3.25. அதாவது, ரிப்பேர் பண்ண மெஷின் மூணேகால் வருஷத்துக்கு மேல ஓடினா உங்களுக்கு லாபம். ஒரே வருஷத்துல மறுபடி படுத்துட்டா நஷ்டம்.

அதனால மெக்கானிக்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "வேற எந்த பார்ட் தேய்ஞ்சிருக்கு? மாத்துற போர்டுக்கு எத்தனை மாசம் வாரன்டி?"

3. மறைஞ்சிருக்கிற செலவையும் சேருங்க

'நோ காஸ்ட் இஎம்ஐ'-லயும் பிராசசிங் கட்டணமும், வட்டி மேல ஜிஎஸ்டியும் வரலாம். அதைப் புதுசோட விலையில கூட்டுங்க.

ஃப்ரிட்ஜ், ஏசி-னா கரன்ட் பில் முக்கியம். மேல சொன்ன அதே விலைகள் ஒரு ஃப்ரிட்ஜுக்குனு வெச்சுக்கங்க. பழசு வருஷத்துக்கு 200 யூனிட் அதிகமா இழுக்குது, யூனிட் 7 ரூபாய்னா, 1,400 ரூபாய் கூடுதல். 2,000-ல 1,400 போக மிச்சம் 600. இப்போ 6,500 ÷ 600, கிட்டத்தட்ட 11 வருஷம்! அவ்வளவு நாள் பழசு ஓடாது. இங்க புதுசுதான் சரி. ஸ்டார் லேபிள்லயே வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க.

4. அந்த 6,500-ஐ யார் முடிவு பண்றாங்க?

சில நேரம் போர்டுல போயிருக்கிறது ஒரு சின்ன ரிலேவா இருக்கும். ஆனா ஸ்பேரும் சர்வீஸ் மேனுவலும் வெளியில கிடைக்கலைன்னா, தெருமுனை மெக்கானிக்கால அதை மட்டும் மாத்த முடியாது. முழு போர்டையும் கம்பெனி சொல்ற விலைக்கு வாங்கணும். 'ரிப்பேர் செய்யும் உரிமை' உங்க பர்ஸைத் தொடுற இடம் இதுதான்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில இதுக்காகக் குழு அமைச்சது. அதே வருஷம் டிசம்பர் 24-ம் தேதி 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கினாங்க. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள்னு நாலு துறை. மேனுவல், ஸ்பேர், வாரன்டி விவரங்களை ஒரே இடத்துல கொண்டு வர்றதுதான் நோக்கம். பிரான்ஸ்ல 2021-லயே மொபைல், லேப்டாப், டிவி மாதிரி பொருட்களுக்கு 'எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்'னு 10-க்கு மார்க் போட்டுக் காட்டணும்னு விதி கொண்டு வந்தாங்க. வாங்கும்போதே தெரிஞ்சுடும்!

வாரன்டியில இருந்தும் இழுத்தடிக்கிறாங்களா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. அதுல முடியலைன்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நீங்க கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது.

இதுக்கெல்லாம் ஆதாரம் பில்தான். ரிப்பேருக்கும் பில் வாங்குங்க. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. ஆனா சாதா பில் தரலாம். என்ன பார்ட் மாத்தினாங்க, என்ன தேதி, எத்தனை மாசம் வாரன்டினு அதுல எழுதி வாங்கிடுங்க.

கணக்குப் போட்ட பிறகும் புதுசுதான்னு முடிவானா, தாராளமா வாங்குங்க. பழசைக் கண்ட இடத்துல போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்கிற மின்னணுக் கழிவு விதிகள்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் அது போய்ச் சேரணும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல உள்ள பெரிய பொருட்களோட பில், வாரன்டி கார்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டர்ல போடுங்க. அடுத்த தடவை மெக்கானிக் "புதுசு வாங்கிடலாமே"னு சொல்லும்போது, "ஒரு நிமிஷம்ணே, கணக்குப் போட்டுட்டு சொல்றேன்"னு சொல்லுங்க.