வாய்விட்டு யோசித்தல்

2009-ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொறியியல் பட்டப் படிப்பின் மதிப்பெண் பட்டியல்களையும் இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு, தீர்த்தமலை அடிவாரத்தில் அரூர் பஸ்ஸுக்காக நான் நின்றிருந்தபோது, கூலிக்குப் புளிக்கொட்டை எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரல்களால் என் நெற்றியில் விபூதி இட்ட என் தாயார், "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு சாமி, பெரியவங்க முன்னாடி அதிகமா பேசாத" என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார். அந்த வார்த்தைகளில் இருந்த வாஞ்சையை இன்றளவும் நான் போற்றுகிறேன்; ஆயினும், அவற்றை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த காரணத்தினாலேயே என் முதல் ஐந்து நேர்முகத் தேர்வுகளும் கைநழுவிப் போயின என்பதை, பத்து ஆண்டுகளுக்கு மேலாக மேஜையின் மறுபுறம் அமர்ந்து பிறரைத் தேர்வு செய்யும் பொறுப்பு எனக்கு வாய்த்த பின்னரே பூரணமாக உணர்ந்தேன்.

அது மிகவும் சோதனையான காலம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி ஸ்தாபனம் திவாலானதன் அதிர்ச்சி அடுத்த வருஷமே எங்களைப் போன்ற கிராமத்துப் பட்டதாரிகளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்துச் செல்லும் கம்பெனிகள் பலவும் வரவில்லை. வந்து உத்தரவு கொடுத்தவையும் வேலையில் சேரும் தேதியை மாதக் கணக்கில் தள்ளிப்போட்டன. ஆகவே, தீர்த்தமலையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அரூருக்கும், அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மார்க்கமாகப் பெங்களூருக்கும் போய், மடிவாளாவில் எட்டுப் பேர் தங்கிய ஓர் அறையில் பாய் விரித்துக்கொண்டு, காலிப் பணியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒவ்வொரு கம்பெனியின் வாசலிலும் வரிசையில் நிற்பதே எங்கள் உத்தியோகமாக இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஓசூர் சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பத்து மணித் தேர்வுக்கு ஏழு மணிக்குப் புறப்பட்டும் வியர்த்து விறுவிறுத்துப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு நாள், பெயர் கூப்பிட்டாகிவிட்டது என்று காவலாளி சொல்லிவிட்டார். தேர்வு நடக்கும் இடத்தை முதல் நாளே ஒரு முறை போய்ப் பார்த்து வருவதற்கு ஆகும் பஸ் செலவு வீண் செலவல்ல என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மற்றொரு நாளைப் பற்றி. சிறிய அறை, ஒரு வெள்ளைப் பலகை, அதன் எதிரே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அதிகாரி. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு அடுத்த பெட்டியின் முகவரியை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் 'லிங்க்டு லிஸ்ட்' என்ற சங்கிலியில், எங்கேயாவது ஒரு கண்ணி பின்னோக்கித் திரும்பி, சங்கிலி முடிவில்லாத வட்டமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கொடுத்த கணக்கு. அந்தக் கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. ஆனால், கேட்ட மாத்திரத்தில் எங்கள் மலைக்கோயில் என் கண்முன் வந்து நின்றது. பாட்டியார் நிதானமாகச் சந்நிதியைச் சுற்றி வருவார். என் தம்பியோ இரண்டு பங்கு வேகத்தில் ஓடுவான். ஒன்றிரண்டு சுற்றுக்குள் அவன் பின்புறமாக வந்து, "ஆயா, புடிச்சிட்டேன்" என்று அவர் முந்தானையைப் பற்றிக்கொள்வான். அதே தம்பி அரூர்ச் சாலையில் அவ்விதம் ஓடினால், சாலையின் முடிவைத்தான் அடைவானேயொழிய, ஒருநாளும் பின்புறமாகப் பாட்டியை வந்து பிடிக்கமாட்டான். மெல்ல நடப்பது ஒன்று, விரைந்து ஓடுவது ஒன்று என இரண்டு குறிகளைச் சங்கிலியின்மீது அனுப்பினால் போதும். இரண்டும் மீண்டும் சந்தித்தால் வட்டம், விரைந்தது கடைசியை அடைந்தால் வட்டமில்லை. ராபர்ட் ஃபிளாய்ட் என்ற அமெரிக்க அறிஞரின் பெயரால், ஆமையும் முயலும் என்று உலகமெங்கும் வழங்கும் முறை இதுவேயென்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இத்தனையும் என் மனத்தில் ஓடிற்று. ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. பாட்டியையும் தம்பியையும் கொண்டு அந்தக் குளிரூட்டிய அறையில் விடை சொல்வது அவமரியாதையாகாதா, முழு நிரலையும் பிழையின்றி மனத்தில் எழுதி முடித்த பிறகல்லவா வாய் திறக்க வேண்டும் என்று எண்ணி, மார்க்கர் பேனாவைக் கையில் பிடித்தபடி நான்கைந்து நிமிஷம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதாவது துப்பு வேண்டுமா என்று பரிவோடு கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பிறகு தெரிவிப்பதாகச் சொல்லி எழுந்து கைகொடுத்தார்.

அவர்மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. பேசாதிருப்பவன் யோசிக்கிறானா, திகைத்து நிற்கிறானா என்று வேறு மனிதர் எங்ஙனம் அறிவார்? எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விடை நிச்சயமாகத் தெரிந்த பிள்ளைதான் கை தூக்கும். பாதி தெரிந்த பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். அவ்வாறு உட்கார்ந்திருப்பதையே நல்லொழுக்கம் என்று ஆசிரியரும் பாராட்டுவார். அந்த ஒழுக்கத்தைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால், நேர்முகத் தேர்வு என்பது விடையை ஒப்புவிக்கும் இடமல்ல. விடையை நோக்கி ஒருவர் நடந்து செல்லும் விதத்தை மற்றொருவர் கூடவே நடந்து பார்க்கும் இடம். நாளைக்கு ஒரே மேஜையில் அமர்ந்து ஒரு சிக்கலை அவிழ்க்கவேண்டிய இருவர், அதற்கு ஒத்திகை பார்க்கும் சம்பாஷணை என்றே அதைக் கருதவேண்டும். அங்கே மௌனம் மரியாதையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இதை எனக்கு உணர்த்தியவர் மடிவாளா அறையில் எங்களுக்கு மூத்தவராக இருந்த திருப்பத்தூர் பக்கத்து அண்ணன் ஒருவர். "மனசுக்குள்ள போடற கணக்குக்கு எவன்டா மார்க் போடுவான்? வாயத் தொறந்து சொல்லு" என்று கடிந்துகொண்டு, அன்றிரவு முதல் தினந்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவரை எழுப்பி நிறுத்திவிடுவார். காலண்டரின் பின்பக்கத் தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு கணக்கைக் கொடுத்து, என்ன நினைக்கிறோமோ அதை அந்த க்ஷணமே சொல்லிக்கொண்டே எழுதவேண்டும் என்பார். முதல் வாரம் நாக்கு எழவேயில்லை. தமிழில் சொல்லத் தொடங்கினேன். பிறகு தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். ஒரு மாதத்தில் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாகச் சொல்லும் தைரியம் வந்தது. அந்த அறையிலிருந்து எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராக வேலைக்குப் போனோம்.

எனக்கு உத்தியோகம் கிடைத்த தேர்வில் கேட்கப்பட்டது, 'பைனரி சர்ச்' எனப்படும், வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறை. அகராதியை நடுவில் பிரித்து, வேண்டிய சொல் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்ப்பது போன்ற எளிய காரியம்தான். அது எவ்வளவு வஞ்சகமான எளிமை என்பதற்கு ஜான் பென்ட்லி என்ற அறிஞர் தரும் சான்று உண்டு: தொழில்முறை நிரலாளர்களிடம் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து இதை எழுதச் சொன்னபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதியவற்றில் பிழை இருந்தது. இந்த முறை முதன்முதலில் அச்சில் வெளிவந்தது 1946-இல். எந்த அளவுப் பட்டியலுக்கும் ஓடும் வடிவம் வெளிவந்தது 1960-இல் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் எழுதியிருக்கிறார். நான் எழுதி முடித்ததும் தேர்வாளர், நடுவிடத்தைக் காண இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இது எப்போதும் சரியாக வருமா?" என்று வினவினார்.

எனக்குத் தெரியாது. முந்தைய நானாக இருந்தால் அத்துடன் உறைந்து போயிருப்பேன். அன்றைக்கோ, "சார், இதில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை, சிறிய எண்களைப் போட்டுப் பார்க்கிறேன், அனுமதியுங்கள்" என்று சொல்லிவிட்டு, உரக்க யோசிக்கலானேன். எண்ணை வைக்கும் ஒரு பெட்டி 9 வரைக்கும்தான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். கீழெல்லை 6, மேலெல்லை 8. நடுவிடம் 7, அது கொள்ளும். ஆனால் 7-ஐக் காண்பதற்கு முன் 6-ஐயும் 8-ஐயும் கூட்டினால் வரும் 14 கொள்ளாதே! அப்போதுதான் விளங்கிற்று. கணினியின் சாதாரண எண் பெட்டிக்கும் 2147483647 என்று ஓர் எல்லை இருக்கிறது. மிகப் பெரிய பட்டியலில் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிடும். கூட்டாமல், வித்தியாசத்தில் பாதியைக் கீழெல்லையோடு சேர்த்தால் தொல்லையில்லை என்று எழுதிக் காட்டினேன். தேர்வாளர் முகம் மலர்ந்தது. இதே பிழை ஜாவா மொழியின் நூலகத்திலேயே பல வருஷங்கள் ஒளிந்திருந்ததையும், அதை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவரே 2006-இல் உலகறிய ஒப்புக்கொண்டதையும் அவர் எனக்குச் சொன்னார். தெரியாது என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல், தெரிந்துகொள்ள என்ன செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னதே என் வாழ்க்கையைத் திருப்பியது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பிற்காலத்தில் தேர்வாளனாக அமர்ந்தபோது, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அதே மௌனத்தைக் கண்டேன். ஒரு பையன் கையில் பேனாவோடு, அச்சாக என்னைப் போலவே, பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைக் காலரின் உட்புறம் வியர்வையில் நனைந்திருந்தது. "எந்த ஊருப்பா?" என்றேன். "அரூர் பக்கம் சார்." "என்ன நினைக்கிறயோ அதத் தமிழ்லயே சொல்லு." அவன் ஒரு முறை கதவைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, மடை திறந்தாற்போலப் பேசத் தொடங்கினான், பத்து நிமிஷத்தில் கணக்கு முடிந்தது. ஆங்கிலம் வேலைக்குத் தேவைதான்; ஆறு மாதத்தில் அதை அவன் கற்றுக்கொண்டான். யோசிக்கும் சக்தியை எந்தக் கம்பெனி ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிட முடியும்?

தேர்வு நடத்துபவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 48 மாணவர்களைச் சேர்த்து, ஒரு சாராரைத் தேர்வாளர் பார்த்திருக்க விளக்கிக்கொண்டே எழுதச் செய்தார்கள். மறுசாராரைத் தனியறையில் விட்டார்கள். கணக்கு ஒன்றே. பார்க்கப்பட்டவர்களின் திறன் தனித்திருந்தவர்களின் திறனில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. பிறர் பார்க்கப் பேசிக்கொண்டே யோசிப்பது இயல்பாக வருவதன்று என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டியதில்லை. இதைப் படித்த நாள் முதல், கணக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பி வரும். கேள்விப்பட்டதையெல்லாம் கற்றதாக எழுதாதீர்கள். தாளில் கைப்பட நிரல் எழுதிப் பழகுங்கள்; எழுதியதும், பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும், ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். விமானத்துக்குள் எத்தனை பந்து கொள்ளும் என்பது போன்ற விடுகதைகளுக்கு நேரத்தைச் செலவிடவேண்டாம். அவை ஆளைக் கணிக்க உதவவில்லை என்று கூகுளின் பணியாளர் துறைத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் தேர்வு என்றால், மலையடிவாரத்து சிக்னலை நம்பாமல் அரூரிலுள்ள உறவினர் வீட்டுக்கு முதல் நாளே போய்விடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன், பின்வாசல் இருக்கிறது, ஒரு லட்சம் கட்டு என்பவனுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். பொய் அனுபவச் சான்றிதழை ஒருபோதும் தொடாதீர்கள். 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்கு யூ.ஏ.என். எண் வந்த பிறகு, எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தோம் என்பது ஒரே எண்ணில் கோர்த்துக் கிடக்கிறது. தாயின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, இரண்டாம் மாதமே வெளியேற்றப்பட்டு, ஊருக்குத் திரும்ப வெட்கி மடிவாளாவிலேயே அலைந்த ஒருவனை நான் அறிவேன்.

எங்கள் ஊரிலிருந்து வெளியூர் சென்று உத்தியோகம் பார்ப்பவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். மாசி மகத்துக்கும் பொங்கலுக்கும் ஊர் வரும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை அரை மணி நேரம் எதிரே நிறுத்தி ஒரு கணக்கைக் கொடுத்து, அது வாய்விட்டு யோசிப்பதைப் பொறுமையாகக் கேளுங்கள் என்று அவர்களை வேண்டிக்கொள்கிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நான் தீர்த்தமலையில் இருப்பேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டி சாக்பீஸும் இருக்கின்றன. காலை பத்து மணிக்கு மேல் யாரும் வரலாம்.