முளைவிட்ட விதை மண்ணுக்கு மேலே வரவில்லையா? மாடித்தோட்டம் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஈரத்துணியில் முடிந்து வைத்த பாகல் விதை வெள்ளையாக வாய் திறந்திருக்கும். ஆசையோடு எடுத்துப் பையில் ஊன்றுவோம். ஒரு வாரம் போகும். மண் அப்படியே கிடக்கும். உடனே விதை விற்றவரைத் திட்டாதீர்கள். துணியில் முளைத்ததென்றால் விதைக்கு உயிர் இருந்தது. கோளாறு அதற்குப் பிறகுதான்.

படி 1: ஒன்றை மட்டும் தோண்டுங்கள்

பாகல், புடலை, பீர்க்கு எல்லாம் முளைகட்டி ஊன்றினாலும் வெளியே தலைகாட்டச் சில நாள் ஆகும். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். பத்து நாள் தாண்டினால் ஓரத்து விதை ஒன்றை மட்டும் கரண்டிக் காம்பால் நெம்பி எடுங்கள். மொத்தத்தையும் கிளறினால் பிழைத்துக்கொண்டிருப்பதும் போய்விடும்.

படி 2: எடுத்த விதையைப் படியுங்கள்

கொழகொழவென்று நசுங்கி நாற்றமடித்தால் அழுகல். முளைவேரின் நுனி பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது மக்காத எருவின் சூடோ கழுவாத தென்னை நார்க்கழிவின் உப்போ சுட்டிருக்கிறது. தண்டு வெளிறி மண்ணுக்குள்ளேயே வளைந்து கிடந்தால் ஆழம் அதிகம், இல்லையென்றால் மேல்மண் இறுகிவிட்டது. விதையையே காணோமா? எலி, அணில். பையின் மேல் பழைய வலைத்துணி ஒன்றைக் கட்டுங்கள், போதும்.

படி 3: தண்ணீரைக் குறையுங்கள்

என் அனுபவத்தில் முக்கால்வாசி விதைகளைக் கொல்வது நம் பாசம்தான். காலையிலும் மாலையிலும் குவளையால் ஊற்றுகிறோம். வேருக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். சொதசொதத்த மண்ணில் காற்று இல்லை. நாற்றழுகல் பூஞ்சைக்கு அதுதான் விருந்து. ஒரு பிடி மண்ணை அழுத்திப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதன்பின் மேல்மண் காயும்போது மட்டும் பூவாளியால் தூவுங்கள். குவளையால் கொட்டினால் செம்மண் காய்ந்து அப்பளம்போல் இறுகும். அதை முட்டித் திறக்கப் பிஞ்சுத் தண்டால் ஆகாது. பையின் அடியில் துளை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே துளை போட மறந்திருக்கிறேன்.

படி 4: மறுபடி ஊன்றுங்கள்

முளைவேர் அரை சென்டிமீட்டர் எட்டியதுமே ஊன்றிவிடுங்கள். மேலும் நீளவிட்டால் வேர் துணி இழையில் சிக்கும், பிரிக்கும்போது ஒடியும். நுனி ஒடிந்த முளை பெரும்பாலும் தேறாது. விதையின் தடிமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். பாகலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். வேர் கீழ்நோக்கி இருக்கட்டும். திசை புரியாவிட்டால் படுக்கையாக வையுங்கள், வேர் தானாகத் திரும்பிக்கொள்ளும். மேலே சலித்த மண்புழு உரத்தைத் தூவுங்கள், கையால் அமுக்காதீர்கள்.

முன்பு அழுகியிருந்தால் பழைய மண்ணை மாற்றுங்கள். அடுத்த முறை நனைக்கும் முன்பே விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்துகொள்ளுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம் பத்து விதைக்கு ஒரு சிட்டிகையே மிகுதி.

படி 5: தொப்பியோடு வந்தால்

சில நாற்றுகள் விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே எழும். பிய்த்து எடுத்தால் வித்திலையும் கூட வந்துவிடும். நீர் தெளித்து, தோல் ஊறியபின் மெல்லக் கழற்றுங்கள்.

பொட்டலத்தில் உள்ள அத்தனை விதையையும் ஒரே நாளில் நனைத்துவிடாதீர்கள். பாதியைக் காய்ந்தபடியே எடுத்து வையுங்கள்.