பேப்பர் போட்டாச்சா? முதல்ல இன்சூரன்ஸைப் பாரு!

அடையாறுல குடியிருந்துக்கிட்டு தரமணிக்கும் டைடல் பார்க்குக்கும் ஓடுற தம்பி, தங்கச்சிங்களுக்கு அக்கா சொல்றது இது. வேலையை விடறப்ப பி.எஃப்., கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் எல்லாம் ஞாபகமா கேட்கறீங்க. அப்பா அம்மா பேரையும் சேர்த்து ஆபீஸ் எடுத்துக் கொடுத்த குரூப் ஹெல்த் பாலிசி மட்டும் மறந்துபோகுது. பெரும்பாலான கம்பெனிகள்ல கடைசி வேலை நாளோட அது முடிஞ்சுடும். அமெரிக்காவுல 'கோப்ரா'ன்னு ஒரு சட்டம் உண்டு. வேலை போனாலும் முழு பிரீமியத்தையும் தானே கட்டி, பொதுவா 18 மாசம் வரைக்கும் அதே பாலிசியில இருக்கலாம். நம்ம ஊர்ல அது கிடையாது. ஆனா வேற ஒரு உரிமை இருக்கு. நோட்டீஸ் பீரியட்லயே அதைக் கேட்டு வாங்கிடணும்.

1. 'மைக்ரேஷன்'னு கேளு

குரூப் பாலிசியில இருக்கிறவங்க அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கோ, ஃபேமிலி ஃப்ளோட்டருக்கோ குடும்பத்தோட மாறலாம். இது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட விதி. அம்மாவுக்கு சுகர்னு வெச்சுக்கோ. புதுசா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். குரூப்ல 2 வருஷம் இருந்திருந்தா, மைக்ரேஷன்ல அந்த 2 வருஷத்தைக் கழிச்சுக்கணும். ஆனா பழைய தொகை வரைக்கும்தான். ஆபீஸ்ல 5 லட்சம் இருந்து இப்ப 10 லட்சத்துக்கு எடுத்தா, கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். பிரீமியம் வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கும். மெடிக்கல் டெஸ்ட்டும் கேட்கலாம்.

2. வாயால கேட்காதே, மெயில் போடு

கடைசி நாளுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஹெச்.ஆருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரே மெயிலா அனுப்பு. பாலிசி நம்பர், எம்ப்ளாயி நம்பர், ஒவ்வொருத்தர் பேரும் பிறந்த தேதியும், பாலிசியில சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள் எல்லாம் அதுல இருக்கட்டும். சொந்த மெயில் ஐ.டி.க்கும் ஒரு காப்பி போகட்டும்.

3. இ-கார்டை இறக்கி வை

ஆபீஸ் மெயில் லாக் ஆனா இன்சூரன்ஸ் போர்ட்டலும் போச்சு. இ-கார்டு, ஒவ்வொரு வருஷமும் நீ பாலிசியில இருந்ததுக்கான ஆதாரம், க்ளெய்ம் விவரம் மூணையும் முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோ. கார்டை உத்துப் பாரு. பெரிய எழுத்துல இருக்கிறது பல சமயம், நடுவுல நின்னு க்ளெய்மைக் கையாளுற டி.பி.ஏ. நிறுவனத்தோட பேரு. இன்சூரன்ஸ் கம்பெனி பேரு கீழே பொடி எழுத்துல இருக்கும். நீ எழுத வேண்டியது அந்தப் பொடி எழுத்துக் கம்பெனிக்கு.

4. நடுவுல இடைவெளி விடாதே

புது ஆபீஸ்ல கவரேஜ் எந்தத் தேதியிலேர்ந்து, அப்பா அம்மா உண்டாங்கிறதை ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேளு. வெளியில புதுசா எடுக்கிற பாலிசியில வழக்கமா முதல் 30 நாளுக்கு விபத்துக்கு மட்டும்தான் பணம் வரும். அதனால கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாதே. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்னாடி 18 சதவீதம் கட்டினோம். வேலையில இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுக்க இது நல்ல நேரம்.

5. இ.எஸ்.ஐ.யில இருக்கியா?

மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் இது. வேலையை விட்ட அன்னிக்கே வைத்தியம் நின்னுடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குக் குறையாம சந்தா கட்டியிருந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவம் உண்டு. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

6. மறுத்தா விடாதே

வேலையில இருந்தப்ப அட்மிட் ஆகி டிஸ்சார்ஜும் ஆன பில்லை, பாலிசி சொல்ற கெடுவுக்குள்ள வேலையை விட்ட பிறகும் அனுப்பலாம். தகராறு வந்தா முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுது. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஃபீஸும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 'பீமா பரோசா' உதவி எண் 155255.

ரெண்டாவது டிப்ஸ்ல சொன்ன மெயிலை இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடு. ஃபேர்வெல் கேக்கை அப்புறம் நிம்மதியா வெட்டலாம்.